பல்லக்கா போட்ட கையெழுத்து

எங்கள் தெருவில் அவரைப் பல்லக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எடுப்பான பல்லால் வந்த பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டரை ஊற்றி உறைய வைத்து, மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக அடுக்கி, பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஈறு நிறத்து அக்ரிலிக் மாவை அழுத்தி, வெந்நீரில் வேகவைத்து, ராவி, மெருகேற்றிக் கொடுப்பார். என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் மேலே, முதல் மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் குடும்பம், பின்னறையில் தொழில். பதினாறு வருடமாக அவருடைய மெருகு மோட்டார் சத்தத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் நான் பிழைக்கிறேன்.

ஆளைப் பார்த்தால் அக்கா முதலில் வாயைத்தான் பார்ப்பார். "தம்பி, கீழ்வரிசையில ஒண்ணு ஆடுது போல. கவலைப்படாத, உனக்கு விலையில பாதி" என்று சந்தையில் நாலு பேர் முன்னால் என் மானத்தை வாங்கியிருக்கிறார்.

அவர் கணவர் அரசு ஆலையில் முப்பது வருடம் கடைசல் இயந்திரம் ஓட்டியவர். இரும்பைத் தலைமுடி கனத்துக்குச் சீவின கை, ஐம்பத்தெட்டு வயதில் நடுங்க ஆரம்பித்தது. நடுக்குவாதம். வெளிநாட்டிலிருந்து வரும் மாத்திரை ஒன்று உண்டு, நாளுக்கு மூன்று. போட்ட அரை மணி நேரத்தில் சட்டைப் பொத்தானைத் தானே மாட்டுவார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி என் கடைக்கு வந்து பேப்பர் படிப்பார். போடாவிட்டால் மரக்கட்டை. பிள்ளைகள் இல்லை. அக்காவின் ஒரே ஆசை தரைத்தளத்தில் ஓர் அறை. படி ஏற முடியாத கணவருக்கும் ஆகும், பல்லில்லாத கிழவர்களும் மூச்சு வாங்காமல் வந்து போவார்கள். இருபத்து நாலு வருடம் அதற்காகவே வங்கியில் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு தெரு தள்ளி ஓர் அறை பேசி முடித்தாகிவிட்டது. அடுத்த மாதம் பத்திரம் எழுத வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை மதியம் நிதியமைச்சர் தொலைக்காட்சியில் வந்து பன்னிரண்டு நிமிடம் பேசினார். மக்களின் பணம் பத்திரமாக இருக்கிறது, அது பத்திரமாக இருப்பதற்காகவே வங்கிகளை ஐந்து நாள் மூடுகிறோம் என்றார். ஐந்து நாள் கழித்துத் திறந்தபோது, வாரத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வாசலில் தாள் ஒட்டியிருந்தது.

அக்காவின் கொழுந்தன், அதாவது கணவரின் தம்பி, அதே வங்கியில் காசாளர். அன்று மாலை அவர் படியேறி வந்தபோது அக்கா கையில் மெழுகுக் கத்தியோடு நின்றிருந்தார்.

"ரெண்டு நாள் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? பத்து வருஷமா இந்த வீட்டுல சாப்பிட்டவன்தானே நீ?"

"அண்ணி, சத்தியமா எனக்கே டிவியிலதான் தெரியும். எங்க மேனேஜருக்கே தெரியாது. தெரிஞ்சவங்கல்லாம் போன மாசமே எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அப்ப தெரிஞ்சவங்கன்னு சிலர் இருந்திருக்காங்க."

கொழுந்தன் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை தோறும் வரிசை. விடிந்ததும் போய் நின்றால் மதியத்துக்குள் வாரப் பணம் கிடைக்கும். முதல் வாரம் அந்தப் பணத்தில் அரிசி, எண்ணெய், மாத்திரை, வாடகையில் ஒரு பங்கு எல்லாம் அடங்கியது. இரண்டாம் மாதம் வாடகை கழன்றது. நாலாம் மாதம் அதே நோட்டுக்கட்டைக் கொடுத்தால் ஒரு அட்டை மாத்திரை வந்தது, அவ்வளவுதான். பேசி முடித்த அறையின் சொந்தக்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நல்ல மனிதர், ஒரு காசு குறைக்கவில்லை. ஆனால் அந்தக் காசில் அப்போது அறையின் கதவைக்கூட வாங்க முடியாது.

அக்கா அழுது நான் பார்க்கவில்லை. கணக்குதான் போட்டார். கொழுந்தன் பேச்சுவாக்கில் சொன்ன ஒன்றைப் பிடித்துக்கொண்டார். வங்கி கையில் பணம் தராதே தவிர, பதிவு பெற்ற தொழில்காரர்கள் சரக்கு வாங்க ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றலாம். செயற்கைப் பல் இறக்குமதி செய்யும் வியாபாரி ஒருவர் வங்கிக் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் கணக்கில் ஏறும் பணமே போதும், கடன் கழியும். அந்த வாசலும் அடைபடுவதற்குள், மூன்று வாரத்தில் அக்கா தன் சேமிப்பில் சரிபாதியைப் பல்லாக மாற்றிவிட்டார். அறுநூறு முழுச் செட். மெழுகுப் பட்டையில் வரிசையாக ஒட்டிய பற்கள், பெட்டி பெட்டியாக, கட்டிலுக்கடியில், பிஸ்கட் டின்களில், துணி அலமாரியில்.

"உலகத்துலயே பல்லுல பணம் போட்ட ஒரே ஆள் இவதான்" என்று அவர் கணவர் என் கடையில் உட்கார்ந்து சிரித்தார். "ராத்திரி கட்டிலுக்கு அடியில ஒரு ஊரே என்னைப் பார்த்து இளிக்குது."

ஆனால் அக்காவின் கணக்கு தப்பவில்லை. பாதி டாக்டர்கள் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். பல்லில்லாதவர்கள் நேராக அக்காவைத் தேடி வந்தார்கள். பணம் வேண்டாம், பொருளாகக் கொடுங்கள் என்றார் அவர். அரிசி வந்தது, எண்ணெய் வந்தது. ஒரு தச்சர் கட்டிலுக்குக் கைப்பிடி அடித்துக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரரின் மாமியாருக்கும் மாமனாருக்கும் இரண்டு முழுச் செட். அதற்கு அவர் ஒரு வருடத்துக்கு மாத்திரை தருவதாகப் பேச்சு. ஏழு மாதம் அந்த வீட்டில் மட்டும் அடுப்பும் அணையவில்லை, மாத்திரையும் நிற்கவில்லை. நாங்களெல்லாம் பொறாமைப்பட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கடுத்த மாதம் அவசரச் சட்டம் வந்தது. இறக்குமதிப் பொருள் கையிருப்பு வைத்திருக்கிறவர்கள் பதினைந்து நாளில் அறிவிக்க வேண்டும். அரசு தான் வைத்த விலைக்கு எடுத்துக்கொண்டு, அந்தப் பணத்தை முடக்கிய கணக்கிலேயே போடும். மறைத்தால் பதுக்கல், மூன்று வருடம் வரை சிறை. அக்கா என் கடைக்கு வந்து அறிவிப்புப் படிவத்தில் ஒரு நகல் எடுத்தார். நின்றபடியே படித்தார்.

"என் பணத்தை அவங்க பூட்டினாங்க. நான் பல்லா மாத்தினேன். இப்ப பல்லை எடுத்துக்கிட்டுத் திரும்பப் பணமா மாத்தி அதே பூட்டுக்குள்ள வைப்பாங்களாம். நீயே சொல்லு தம்பி, இதுல பதுக்குறது யாரு?"

"கொடுத்துடுங்க அக்கா, வம்பு வேணாம்" என்றேன்.

படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதை அவர் கொடுக்கவில்லை.

இருபது நாள் கழித்து, காலை பத்து மணிக்கு ஓர் அதிகாரியும் இரண்டு போலீஸ்காரர்களும் வந்தார்கள். நேராகக் கட்டிலுக்கடியில் குனிந்தார்கள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். சோதனைக்குச் சாட்சி வேண்டும் என்று என்னைக் கடையிலிருந்து மேலே கூப்பிட்டார்கள். எதை எப்படி எண்ணுவது என்று அந்த அதிகாரிக்குத் தெரியவில்லை. செட் என்றால் என்ன, வரிசை என்றால் என்ன என்று அக்கா சொன்னதையும் அவர் நம்பவில்லை. தனித்தனிப் பல்லாக எண்ண வைத்தார். மாலை நாலு மணிவரை எண்ணினார்கள். பதினோராயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு. அக்காவின் கணவர் கட்டிலில் உட்கார்ந்தபடி, மதிய மாத்திரை போட மறந்து, மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே போனார்.

"அவருக்கு மாத்திரை குடுத்துட்டு வந்துடறேன்" என்று அக்கா எழுந்தார்.

"உட்காரும்மா. எண்ணி முடிக்கட்டும்."

சாட்சிக் கையெழுத்து போடச் சொன்னபோது நான் தயங்கினேன். "உங்க கடையிலகூட பேப்பர் கட்டு நிறைய இருக்கே, உள்நாட்டுச் சரக்கா?" என்று அதிகாரி சாதாரணமாகக் கேட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். அக்கா என்னைப் பார்த்தார். வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தார். பல் பெட்டிகளை அள்ளிக்கொண்டு, பின்னறையைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்துவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

நாலு நாள் வைத்திருந்தார்கள். சர்க்கரை மூட்டை வைத்திருந்த ஒரு பேக்கரிக்காரி, பால்மாவு டின் வைத்திருந்த ஒரு பிரசவ நர்ஸ், மகன் அனுப்பிய வெளிநாட்டு நோட்டு வைத்திருந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை, இவர்களோடு ஒரே அறை. "பல்லா? பல்லுக்கா உள்ள வச்சாங்க?" என்று மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். பிறகு ஆசிரியை அழ ஆரம்பித்து நிறுத்தவே இல்லையாம். பதினோராயிரம் பல் பதுக்கிய பெண் என்று ஒரு பத்திரிகையில் கட்டம் கட்டிச் செய்தி வந்தது. தெருவில் அதை வைத்து ஒரு வாரம் ஜோக்கடித்தார்கள். அந்த நாலு நாளும் அவர் கணவருக்கு நான்தான் மாத்திரை கொடுத்தேன். அதைச் சொல்லி என் கையெழுத்தைக் கழித்துக்கொள்ளப் பார்க்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

கொழுந்தன் ஜாமீன் கட்டி வெளியே கொண்டு வந்தார். திங்களும் வியாழனும் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஊரை விட்டுப் போகக் கூடாது. பின்னறை திறக்காது. வந்த அன்றே என் கடை வாசலில் நின்று நேராகக் கேட்டார்.

"தம்பி, சொன்னது நீயா?"

"இல்லக்கா."

"சரி" என்றார். நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தச்சரையும் இதே சந்தேகத்தோடுதான் பார்த்தார், மேல்வீட்டுக்காரரையும் பார்த்தார். யாரென்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஒருவரோடு மட்டும் பேச்சை முறித்திருப்பார். தெரியாததால் எல்லோரோடும் பேச்சு குறைந்தது.

பத்து நாளில் அரசு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வங்கியில் மிச்சமிருந்த பாதிச் சேமிப்பையும் இருபது வருடம் கழித்துத்தான் பணம் தரும் அரசு மீட்புப் பத்திரமாக மாற்றச் சம்மதித்தால் வழக்கைக் கைவிடுவார்கள், அறையைத் திறப்பார்கள். கூடவே ஒரு படிவம். அதை நகலெடுக்க அக்காவும் கொழுந்தனும் என் கடைக்கு வந்தார்கள்.

"போட்டுக் குடுத்துடுங்க அண்ணி. அந்தப் பணம் போய் ரொம்ப நாளாச்சு. பேருக்குத்தான் அங்க இருக்கு."

"பணத்தைப் பத்தி நான் பேசவே இல்லையே. இதைப் படி." விரலை ஒரு வரியில் வைத்தார். "யாருடைய வற்புறுத்தலும் இன்றி, மனமுவந்து அளிக்கிறேன். மனமுவந்தாம். நாலு நாள் உள்ள வச்சுட்டு, ரூமைப் பூட்டிட்டு, மனமுவந்து. எடுத்துக்கட்டும். நான் குடுத்தேன்னு மட்டும் எழுத மாட்டேன்."

அலுவலகத்துக்குப் போய் அந்த ஒரு வார்த்தையை மட்டும் நீக்கித் தரச் சொல்லிக் கேட்டார். அச்சடித்த படிவத்தை மாற்ற முடியாதும்மா என்றார் எழுத்தர். கையெழுத்துப் போடாமல் திரும்பி வந்துவிட்டார்.

அந்த வைராக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. அன்று மாலை என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். பெருமைப்பட எனக்கு எதுவும் செலவாகவில்லை.

மூன்று வாரம் ஓடியது. அக்கா முன்னறையின் சமையல் மூலையில் ஸ்டவ்வின் மேல் சின்ன அளவில் ரிப்பேர் வேலை செய்தார். உடைந்த செட்டை ஒட்டுவது, கடிக்கும் ஓரத்தை ராவுவது. மருந்துக்கடைக்காரரிடம் இன்னும் ஐந்து மாத மாத்திரை பாக்கி இருந்தது. அவர் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க மேல கேஸ் இருக்கு. உங்ககூடக் கொடுக்கல் வாங்கல் வச்சா என் கடையையும் பூட்டிருவாங்க."

"உங்க மாமியார் என் பல்லுலதானே சாப்பிடறாங்க?"

"கேஸ் முடியட்டும், நானே கொண்டு வந்து தர்றேன்."

வீட்டில் இருந்த மாத்திரையை அக்கா மூன்றிலிருந்து இரண்டாக்கினார், பிறகு ஒன்று, பிறகு அரை. மெழுகுக் கத்தியால் அவ்வளவு நேராக வெட்டுவார். கணவர் பேப்பர் படிக்க வருவது நின்றது. குரல் உள்ளே போனது. ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோக ஒரு யுகம் ஆனது. "கையெழுத்தைப் போட்டுடவா?" என்று அக்கா ஒரு நாள் கேட்டாராம். "உன் இஷ்டம்" என்றாராம் அவர். வேறு என்னதான் சொல்வார்?

நாலாவது வாரம் திங்கட்கிழமை, அக்கா காவல் நிலையத்துக்குக் கையெழுத்துப் போடப் போயிருந்தபோது, என் தலைக்கு மேலே தொம்மென்று ஒரு சத்தம். மாடிக்கு ஓடினேன். குளியலறை வாசலில் பக்கவாட்டில் விழுந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. கூப்பிட்டிருக்கிறார், குரல் வரவில்லை. இடது கால் வேறு யாருடையதோ போலத் திரும்பிக் கிடந்தது. இடுப்பு எலும்பு முறிவு. அரசு ஆஸ்பத்திரியில் படுக்கை கொடுத்தார்கள்; எலும்பில் வைக்கும் தகட்டையும் திருகாணியையும் வெளியில் வாங்கி வரச் சொன்னார்கள். கொழுந்தன் அன்றே பைக்கை விற்றார்.

மறுநாள் காலை அக்கா அந்த அலுவலகத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். படிவத்தை மேஜையில் வைத்து, 'மனமுவந்து' என்ற வார்த்தையின் மேல் நிதானமாக ஒரு கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். எழுத்தர் பார்த்தார். கோபப்படவில்லை. காலையிலிருந்து எத்தனை பேரைப் பார்த்தாரோ. அதை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு படிவத்தை எடுத்து வைத்தார்.

"இது சுத்தமா இருக்கணும்மா."

அக்கா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். போட்டார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னார். "கை கொஞ்சம்கூட நடுங்கல தம்பி. பல்லு அடுக்கற மாதிரி நேரா வந்துச்சு கையெழுத்து. அதுதான் எனக்கு வெக்கமா இருக்கு."

ஒரு வாரத்தில் அரக்கு முத்திரையை உடைத்தார்கள். உள்ளே மழை ஒழுகி, பிளாஸ்டர் மூட்டை ஒரே பாறையாக இறுகிக் கிடந்தது. மருந்துக்கடைக்காரர் சொன்னபடி மாத்திரையை அவரே கொண்டு வந்து கொடுத்தார், ஐந்து மாதத்துக்கும் சேர்த்து. அக்கா எண்ணி வாங்கிக்கொண்டார். ஆனால் அவர் கணவர் மறுபடி நடக்கவில்லை. எலும்பு சேர்ந்தது, கால் தரையை மறந்துவிட்டது. டாக்டர் ஏதேதோ சொன்னார். மூன்று வாரம் மாத்திரை குறைந்ததாலா, விழுந்ததாலா, எப்படியும் வரவேண்டியதுதானா என்று அவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஆட்சி மாறியது. நோட்டில் ஐந்து சைபரை வெட்டினார்கள். மீட்புப் பத்திரக்காரர்கள் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. கொழுந்தன் கணக்குப் போட்டுப் பார்த்தார். அக்காவின் பன்னிரண்டு வருட உழைப்புக்கு நாலு கிலோ சர்க்கரை வரும். "வரிசை பெரிசா இருக்கு அண்ணி" என்றார். அக்கா போகவில்லை.

இப்போதும் வேலை செய்கிறார். கணவரைத் தனியே விட முடியாததால் வேலை மேஜையை முன்னறைக்கு, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டார். மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் அவர் பற்களை நிறம் பிரித்துக் கொடுப்பார். பழுப்பு தனி, வெள்ளை தனி. கையில் வந்த பணம் ஒரு இரவுகூட வீட்டில் தங்குவதில்லை. அன்றைக்கே ஏதாவது பொருளாகிவிடும். ஒருவர் முன்பணம் கொடுக்க வந்தால், "வேலை முடிஞ்சதும் குடுங்க. அதுவரைக்கும் இது என்ன ஆகும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்று திருப்பி அனுப்புவார்.

போன மாதம் ஒரு மதியம், ஒரு ரசீதுக்கு நகல் எடுக்க வந்த அக்கா மிஷின் ஓடி முடியும்வரை நின்றுகொண்டிருந்தார்.

"அவர் ஒரு தடவைகூடக் கேட்கல தம்பி. ஏன் அன்னைக்கே போடலன்னு ஒரு தடவை கேட்டிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். சண்டை போட்டிருப்பேன். எப்படியும் கடைசியில போடத்தானே செஞ்சேன், அதை மூணு வாரம் முன்னாடியே போட்டிருக்கலாம்."

"உங்க மேல தப்பில்லக்கா" என்றேன்.

"தப்பு யார் மேலன்னு எனக்குத் தெரியும். அது தெரிஞ்சு என்ன பண்ண?" நகலை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "பிளாஸ்டர் மூட்டை ஒண்ணு கீழ வந்து இறங்கும். கடை பூட்டறதுக்கு முன்னாடி மேல ஏத்திக் குடுத்துடு, என்னால தூக்க முடியல" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போனார்.